வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும் பெயர்

தன்னுடைய சிறுபிள்ளைக் காலத்தை நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு மனிதருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றுதான் புஷ்பவதி 2007ஆம் ஆண்டு தை மாதம் வரை நம்பியிருந்தாள். மொன்றியலில் அதற்கென்று ஒரு பேரவை இருப்பதும், அதற்குத் தலைவர், செயலாளர், உபகுழுக்கள் எல்லாம் இருப்பதும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது விமானச் சாப்பாடு. டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய சமையற்கூடத்தில், தட்டுகள் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்று, சோறும் கோழியும் பெட்டிகளில் அடைப்பது அவளுடைய வேலை.

அவளுடைய கணவர் பேரின்பநாதன் அதே விமான நிலையத்தில் பயணப்பொதிகளை ஏற்றி இறக்குபவர். இருபது வருடங்களாக விமான எஞ்சின்களுக்குக் கீழே நின்றதில் அவருடைய வலது காது முற்றாகப் போய்விட்டது. இடது காதில் ஒரு கருவி. அந்தத் தை மாதம் காது வைத்தியர் படம் ஒன்றைக் காட்டி விளக்கினார். இடது காதுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கலாம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குப் பிறகு கருவி போட்டாலும் சத்தம் கேட்கும், சொல் பிரியாது.

பேரின்பநாதன் எழுந்து மேலங்கியை மாட்டினார். வெளியே வந்து, கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப என்ரை பேரை இனி ரேடியோவிலை கேக்கேலாது, என்ன?"

புஷ்பவதிக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. கலியாணம் செய்த பதினேழு வருடத்தில் அந்த வானொலிக் கதையை அவள் எத்தனையோ பிறந்தநாள்களுக்குக் கேட்டிருக்கிறாள்.

கதை இதுதான். 1974, மாசி மாதம், சங்கானை. பேரின்பநாதனுக்குப் பத்து வயது முடிகிற நாள். வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு அவருடைய அப்பா தபாலட்டை போட்டிருந்தார். வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம் அது. பற்றறி கிடைக்காது. கிடைத்த பற்றறியும் செத்துவிட்டால் சுளகில் வைத்து வெயிலில் காய விடுவார்கள். காய்ந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். அப்படி மூன்று நாள் காய வைத்த பற்றறிகளைப் போட்டு, அந்த ஒழுங்கைச் சனம் முழுவதும் அவர்கள் வீட்டு விறாந்தையில் கூடியிருந்தது.

பேரின்பநாதனின் அப்பா மரியாதை தெரிந்த மனிதர். பெரியவர்களைப் பின்னுக்கு வைத்துவிட்டுப் பொடியனின் பெயரை முன்னுக்கு எழுதுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே தபாலட்டையில் அப்பப்பா, அப்பாச்சி, அம்மம்மா, பெரியப்பா, பெரியம்மா, மூத்த மாமா, நடு மாமா என்று எல்லோரையும் வயதுப்படி எழுதி, பிள்ளையின் பெயரைக் கடைசியில் போட்டிருந்தார். அறிவிப்பாளரும் எழுதியிருந்தபடியே வாசித்தார். "...சின்ன மாமா, சின்ன மாமி ஆகியோர் வாழ்த்தும், சங்கானையைச் சேர்ந்த செல்வன்..." என்றார். வானொலி செத்துவிட்டது.

பெரியப்பா பற்றறியைக் கழற்றிக் கடித்துப் பார்த்தார். மூத்த மாமா அதை வேட்டியில் தேய்த்தார். மறுபடி பாடத் தொடங்கியபோது வாழ்த்துக்குப் பிறகு போட்ட பாட்டே முடியப்போகிற நேரம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும், "டேய், உன்ரை பேர் ரேடியோவிலை போச்சு!" என்று முதுகில் அடித்தார்கள்.

"ஊர் முழுக்கக் கேட்டது. நான் மட்டும் கேக்கேல்லை," என்று கதையை முடிக்கும்போது பேரின்பநாதன் எப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு புஷ்பவதிக்குப் பிடிக்காது.

ஒருமுறை மகள் வித்தியா, "அப்பா, நான் வாசிக்கிறன்," என்று தலைமயிர் சீவும் சீப்பை மைக்காகப் பிடித்து, பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழில் அவருடைய பெயரை வாசித்துக் காட்டினாள். அவர் கைதட்டினார். பிறகு, "ஆனா இது ரேடியோ இல்லையே, குஞ்சு," என்றார்.

எழுபதுகள் நினைவுப் பேரவையைப் பற்றிச் சொன்னவள் சமையற்கூடத்தில் அவளோடு வேலை செய்யும் யோசெப்பின். மாசி இருபத்துநாலு, சனிக்கிழமை, லாசாலில் ஒரு பாடசாலை மண்டபத்தில் 'எழுபதுகள் மாலை'. அதில் பழைய வானொலி போலவே பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள், யாருடைய பெயரும் கொடுக்கலாம்.

"இருபத்துநாலோ?" புஷ்பவதியின் கையில் இருந்த கோழித்துண்டு பெட்டிக்கு வெளியே விழுந்தது. "அண்டைக்குத்தான் அவருக்குப் பிறந்தநாள்!"

"பிறகென்ன, போய்க் கேளுமன். பேர்தானே, வாசிச்சுவிடுவினம்."

பேர்தானே என்று யோசெப்பின் சொன்னதற்குக் காரணம், அவளும் பேரவை எப்படிப்பட்டது என்று அறியாததுதான்.

பேரவையின் செயலகம் கர்க்லாண்டில், தலைவர் மகேந்திரராசாவின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தது. புஷ்பவதி வித்தியாவையும் இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அறையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் வெறும் பற்பொடி டின். ஒன்றில் சவர்க்காரம் சுற்றிய தாள். இன்னொன்றில், பஞ்சுப் படுக்கையில், ஒரேயொரு தோடம்பழ இனிப்பு. அதன் கீழே, 'ஏறத்தாழ 1976. சுவாசம் படாமல் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது.

மேசைக்குப் பின்னால் செயலாளர் யோகராணி இருந்தார். பக்கத்தில் உபகுழுக்காரர் இருவர். சற்றுத் தள்ளி, சாய்கதிரையில் கண்ணை மூடியபடி தலைவர்.

"எழுபதுகளிலை நீங்கள் பிள்ளையா இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று யோகராணி தொடங்கினார்.

"அறுபத்தாறிலை பிறந்தனான், அக்கா."

"அது பிறந்ததுக்கு ஆதாரம். நான் கேக்கிறது பிள்ளையா இருந்ததுக்கு."

புஷ்பவதி யோசித்தாள். அப்படி ஒரு ஆதாரத்தை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கனடாவுக்குள் வரும்போதுகூடக் கேட்கவில்லை.

"சட்டைக் கையை உயத்துங்கோ," என்றார் உபகுழுக்காரரில் ஒருவர். அவர் தழும்பு உபகுழுத் தலைவர். அம்மைப்பால் குத்திய தழும்பு இருந்தால்தான் பேரவை ஒருவரை எழுபதுகளின் பிள்ளையாக ஏற்கும். அவர் பூதக்கண்ணாடியால் புஷ்பவதியின் தோளைப் பார்த்தார். "வட்டம் சரி. ஆனா அளவு கொஞ்சம் சின்னன்."

"என்ரை கை அப்ப சின்னன்தானே, அண்ணை."

"உங்கட மிஸ்ரரின்ரை கை எங்கை?"

"அது அவரோடை வேலைக்குப் போயிட்டுது."

வித்தியா தாயின் காதுக்குள், "அம்மா, இவை ஆர்? பொலிஸா?" என்றாள்.

"சும்மா இரு."

அடுத்தது ஞாபகப் பரிசோதனை. தோடம்பழ இனிப்பு என்ன நிறம் என்று மற்றவர், இனிப்பு உபகுழுக்காரர், கேட்டார்.

"செம்மஞ்சள்," என்றாள் புஷ்பவதி. இது சுகமான கேள்வி என்று அவளுக்குப் பட்டது. "சிவப்பும் இருந்தது. நான் சிவப்பைத்தான் தேடித் தேடி எடுப்பன். நாக்கெல்லாம் சிவந்துபோகும்."

இரண்டு உபகுழுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோகராணி பேனையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, சிவப்புத் தோடம்பழ இனிப்பு இருக்கேல்லை எண்டு 2004ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலை தீர்மானம் எடுத்தாச்சு."

"நான் திண்டனான், அக்கா."

"பதினெட்டுப் பேர் இருக்கேல்லை எண்டு வாக்களிச்சவை. நீங்கள் ஒராள் திண்டு என்ன செய்யிறது?"

தன்னுடைய நாக்கு முப்பது வருடத்துக்கு முன்னால் சிவந்திருந்ததா என்று புஷ்பவதிக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. பெயர் வாசிக்கவேண்டும். அதற்காக நாக்கை விட்டுக்கொடுக்கலாம்.

"சரி, செம்மஞ்சள்தான்," என்றாள்.

"நல்லது. இனி உங்கட மிஸ்ரரின்ரை பேரைச் சொல்லுங்கோ."

புஷ்பவதி தரையைப் பார்த்தாள். "வித்தியான்ரை அப்பா."

"அது தெரியும். பேர்?"

"டோர்வலிலை வேலை. உயரமா இருப்பார்."

"தங்கச்சி, 'உயரமா இருப்பார்' எண்டு ரேடியோவிலை வாசிக்கேலாது."

கணவரின் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வீட்டில் 'இஞ்சேருங்கோ' போதும். வைத்தியரிடம் போனால் அட்டையை நீட்டுவாள். தொலைபேசியில் யாரும் கேட்டால் வித்தியாவிடம் கொடுப்பாள். இப்போதும் மகளை முழங்கையால் இடித்தாள். வித்தியா பெருமூச்சு விட்டு, "பேரின்பநாதன்," என்றாள்.

சாய்கதிரையில் இருந்த தலைவர் கண்ணைத் திறந்தார்.

"பாத்தியளா!" என்று எழுந்து உட்கார்ந்தார். "புருசன்ரை பேரைச் சொல்லாத பொம்பிளை! இதைத்தான் நாங்கள் தேடுறம். எழுபதுத்தன்மைக்குப் பத்துப் புள்ளி போடுங்கோ, யோகராணி."

யோகராணி போட்டார். அந்தப் பத்துப் புள்ளியால்தான் பேரின்பநாதனின் பெயர் ஏற்கப்பட்டது. தலைவர் பெயர் வாசிக்கும் ஒழுங்கை விளக்கினார். முதலில் புரவலர்கள். பிறகு தாபகர்கள். பிறகு ஆயுட்கால உறுப்பினர்கள், சாதாரண உறுப்பினர்கள். கடைசியாகப் பொதுமக்கள்.

புஷ்பவதி மேசைக்குக் கிட்டப் போனாள். "அண்ணை, அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கு. அடுத்த வருசம் வாசிச்சாலும் விளங்காது. கடைசியிலை போட்டு நேரம் முடிஞ்சுபோனா..."

"காதுக்கு ஒரு உபகுழு இல்லை, தங்கச்சி," என்றார் தலைவர் கனிவாக. "ஆனா கவலைப்படாதேங்கோ. கடைசியெண்டாலும் வரும். ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு."

மாசி இருபத்துநாலாம் தேதி பின்னேரம் லாசாலில் குளிர் மூக்கைக் கடித்தது. புஷ்பவதி கணவரின் காதுக் கருவிக்குப் புதிய பற்றறி போட்டிருந்தாள். குளிர் பட்டால் அது சக்தி இழக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், மாற்றுப் பற்றறிகளைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்திருந்தாள். அவருக்கு எதையும் சொல்லவில்லை. பழைய பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மண்டப வாசலில் அவர்களை உள்ளே விடவில்லை. மாறாக, சுவரோரமாக நீண்டு போயிருந்த ஒரு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அது 'பாண் கியூ அனுபவம்'. எழுபதுகளின் தட்டுப்பாட்டில் பாண் வாங்க விடியப்புறம் சங்கக்கடைக் கியூவில் நின்றதை இளைய தலைமுறைக்கு உணர்த்துவதற்காகக் கியூ உபகுழு ஒழுங்குசெய்தது. பெல்பொட்டம் காற்சட்டையும் பொய்க் கிருதாவும் வைத்த ஒருவர் சங்கக்கடை மனேச்சராக நடித்து, முகத்தில் பனிக்கட்டி தொங்க, எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

"கியூவைக் குழப்பாதேங்கோ! தள்ளாதேங்கோ! படிச்ச சனந்தானே!"

அவர்களுக்குப் பின்னால் நின்றவர் ஞானாம்பிகை என்ற வயதான பெண். இரண்டு மேலங்கிகள் போட்டிருந்தார்.

"தம்பி," என்று அவர் மனேச்சரைக் கூப்பிட்டார், "நான் உண்மையான கியூவிலை நிண்டனான். அண்டைக்கு எதுக்கு நிக்கிறமெண்டு தெரியும், பாணுக்கு. இண்டைக்கு எதுக்கடா நிக்கிறம்?"

"அனுபவத்துக்கு, ஆச்சி."

"அது என்னட்டை இருக்கு. உள்ளை விடு."

அந்த நேரம் மண்டபத்தின் பக்கக் கதவு திறந்தது. புரவலர்கள் சிலர் குடும்பத்தோடு குளிர் படாமல் உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு இறாத்தல் பாண் இருந்தது.

"இஞ்சை பாருங்கோ, அவை மட்டும் எப்பிடி?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"அந்தக் காலத்திலையும் பின்கதவு இருந்தது, அக்கா," என்றார் மனேச்சர், இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக மரியாதையாக. "நாங்கள் வரலாற்றை மாத்தேலாது."

அவர்கள் முறை வந்தபோது மனேச்சர் கையை விரித்தார். "பாண் முடிஞ்சுது! நாளைக்கு வாங்கோ!"

"நடிப்புத்தானே?" என்று பேரின்பநாதன் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"இல்லை, உண்மையாவே முடிஞ்சுது. உள்ளை போங்கோ."

மண்டபத்துக்குள் மேடையில், ஆள் உயரத்துக்கு மட்டையில் செய்த வானொலிப் பெட்டி நின்றது. அதன் வயிற்றுக்குள் உண்மையான பழைய வானொலி ஒன்று. தலைவர் வாசிப்பது அதன் வழியாகத்தான் வரும்படி யாரோ கெட்டிக்காரர் இணைத்திருந்தார். அதைப் பற்றறியில்தான் ஓட்டவேண்டும் என்று வானொலி உபகுழு தீர்மானித்திருந்தது. சுவரில் இருந்து மின்சாரம் எடுப்பது வரலாற்றுத் துரோகம். அதுமட்டுமல்ல, புதுப் பற்றறியும் கூடாது. செத்த பற்றறிகளைத் தேடிக் காய வைத்திருந்தார்கள். மொன்றியலில் அந்த மாதம் வெயில் எறிக்காதபடியால் கர்க்லாண்டில் தலைவரின் வீட்டு ஹீற்றருக்கு மேலே காய வைத்தார்களாம். ஹீற்றர் எழுபதுகளைச் சேர்ந்ததா என்பதில் உபகுழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

மேடை ஓரத்தில் பாடசாலையின் சொந்த மைக் ஒன்று நின்றது. அது தொண்ணூறுகளைச் சேர்ந்ததால் அதன்மேல் சேலை ஒன்றைப் போர்த்தி மறைத்திருந்தார்கள்.

தலைவர் உரையாற்றினார்.

"அன்பான எழுபதுகளின் பிள்ளைகளே! இண்டைக்குப் பிள்ளையளுக்கு என்ன கஷ்டம் தெரியும்? நாங்கள் பட்ட கஷ்டம்! எங்கட வீட்டு வேலைக்காரப் பெடியன் விடிய மூண்டு மணிக்கே பாண் கியூவுக்குப் போயிடுவான். வெறுங்கால். குளிரிலை நடுங்கி நடுங்கி நிப்பான். அவன் நிண்ட அந்தக் கியூவை என்னாலை இண்டைக்கும் மறக்கேலாது."

மண்டபம் கைதட்டியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"உடுப்புக்குத் துணி இல்லை. கொழும்பிலை சுங்கத்திலை எங்கட மாமா இருந்தபடியா மட்டும் எங்களுக்குக் கிடைச்சது. சொக்லட்? வருசத்திலை நாலைஞ்சு பெட்டிதான். அதையும் ஒளிச்சு வைச்சுத்தான் தின்னவேணும், அக்கம்பக்கத்துப் பிள்ளையள் கண்டா அழுவினம் எண்டு. அந்தப் பகிர்வு, அந்த ஒற்றுமை, இண்டைக்கு எங்கை?"

"ஒளிச்சு வைச்சுத் திண்டவர் பகிர்வைப் பற்றிக் கதைக்கிறார்," என்று ஞானாம்பிகை அடுத்த கதிரையில் இருந்து சொன்னார். அவருடைய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

பேரின்பநாதன் மனைவி பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் கேக்கவேண்டியது பிறகு வரும்."

"என்ன வரும்?"

"இருங்கோவன்."

பிறந்தநாள் வாழ்த்து தொடங்கியது. தலைவரே அறிவிப்பாளர். பழைய வானொலிக் குரலைத் தொண்டையின் அடியில் இருந்து எடுத்தார். முதலாவதாக அவருடைய பெயரையே வாசித்தார். அவர் பிறந்தது ஆடி மாதம். ஆனால் பேரவை அவருக்கு அன்றைக்குக் கௌரவப் பிறந்தநாள் வழங்கியிருந்தது. பிரதான புரவலருக்கும் கௌரவப் பிறந்தநாள். அவருடைய மனைவிக்கும். அவர் வீடு வாங்கி விற்கும் நிறுவனத்துக்கும் பிறந்தநாள். அதை அதன் கிளைகள் இரண்டும் வாழ்த்தின. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பட்டங்கள், பின்னாலும் பட்டங்கள். வாழ்த்துகிற மாமா மாமிக்கும் பட்டங்கள்.

புஷ்பவதி தலைவரின் குரலைக் கேட்கவில்லை. வானொலியில் எரிந்த சின்னச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாபகர்கள் தொடங்கியபோது அது பிரகாசமாக இருந்தது. ஆயுட்கால உறுப்பினர்களில் மங்கத் தொடங்கியது. குரலும் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது.

அவள் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனாள். "யோகராணி அக்கா, பற்றறி போகப்போகுது. இவரின்ரை பேரை மட்டும் இப்ப வாசிச்சுவிடுங்கோ. உண்மையாவே இண்டைக்குப் பிறந்தநாள் அவருக்குத்தான்."

"அதாலைதான் தங்கச்சி பொதுமக்களிலை போட்டிருக்கு. கௌரவப் பிறந்தநாளெல்லாம் முடியட்டும்."

"புதுப் பற்றறி வேண்டித் தரட்டே? முன்னாலை டெப்பனர்க் கடையிலை இருக்கு. ஓடிப்போட்டு வாறன்."

யோகராணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வரலாறு டெப்பனரிலை விக்கிறதில்லை, தங்கச்சி."

புஷ்பவதி திரும்பி வந்து கணவரின் இடது பக்கம் உட்கார்ந்தாள். கையை நீட்டி அவருடைய காதுக் கருவியின் சத்தத்தைக் கூட்டினாள். சாதாரண உறுப்பினர்கள் முடிந்தார்கள். சிவப்பு வெளிச்சம் நெருப்புக்குச்சியின் கடைசித் தணல் போல இருந்தது. தலைவர் பட்டியலில் பொதுமக்களின் பக்கத்தைப் புரட்டினார்.

"மனைவி, மகள் வித்தியா..." குரல் மெலிந்தது. "ஆகியோர் வாழ்த்தும்..." பேரின்பநாதன் நிமிர்ந்தார். அவருடைய கை புஷ்பவதியின் மணிக்கட்டைப் பிடித்தது. "டோர்வலைச் சேர்ந்த செல்வன்..."

வானொலி செத்துவிட்டது.

உபதலைவர் பற்றறியைக் கழற்றிக் கடித்துப் பார்த்தார். இதைக் கண்டதும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். தலைவரின் முகம் சந்தோசத்தில் மலர்ந்தது.

"எவ்வளவு தத்ரூபம்! இதைவிட எழுபதுகளை எப்பிடிக் காட்டுறது!" என்று மட்டை வானொலிக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து வணங்கினார்.

"அண்ணை!" புஷ்பவதி கீழே நின்று கத்தினாள். "பேர் வாசிக்கேல்லை!"

நிர்வாகக் குழு மேடையிலேயே கூடியது. தலைகள் சேர்ந்தன, பிரிந்தன. யோகராணி முன்னால் வந்து அறிவித்தார்: "நேரம் முடிஞ்சபடியா, வாசிக்கப்படாத பெயர் எல்லாம் வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும். தீர்மானம் ஏகமனதா நிறைவேறினது."

"கருதப்பட்டா அவருக்குக் காதிலை கேக்குமோ? அந்த மைக்கைத் தாங்கோ, ஒரு பேர்தானே!"

"அது தொண்ணூறுகளின்ரை மைக், தங்கச்சி," என்றார் தலைவர். "நாங்கள் ஒரு இருபது வருசத்தைப் பாய்ஞ்சு போகேலாது. அடுத்த மாசி பாப்பம்."

அடுத்த மாசி. புஷ்பவதி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பேரின்பநாதன் கதிரையில் சாய்ந்திருந்தார். வாயில் அந்தப் பழைய சிரிப்பு. சங்கானை விறாந்தையில், பெரியப்பா பற்றறியைக் கடிக்கும்போது, பத்து வயதுப் பொடியன் இதே சிரிப்பைத்தான் சிரித்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"விடுமப்பா," என்றார். "எனக்கு இது பழக்கந்தானே. நீர் இவ்வளவு செய்தீர், அதே காணும். வாரும், வீட்டை போவம்."

"காணாது," என்றாள் புஷ்பவதி.

கதிரையில் ஏறினாள். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வித்தியா "அம்மா!" என்று கூச்சத்தில் முகத்தை மூடினாள். தட்டுக் கழுவும் இயந்திரத்தைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல் புஷ்பவதியுடையது. ஆனாலும் அந்தப் பெயர் தொண்டையில் வந்து நின்றது. பதினேழு வருடம் வெளியே வராத சொல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மரியாதை ஒழுங்கு எதையும் பார்க்காமல், பெயரில் இருந்தே தொடங்கினாள்.

"பேரின்பநாதன்!"

மண்டபம் திரும்பியது.

"சங்கானையிலை பிறந்து டோர்வலிலை வேலை செய்யிற செல்வன் பேரின்பநாதன் இண்டைக்குத் தன்ரை பிறந்தநாளைக் கொண்டாடுறார்! பேரின்பநாதனை மனைவி புஷ்பவதி வாழ்த்துறா! பேரின்பநாதனை மகள் வித்தியா வாழ்த்துறா! அப்பப்பா, அப்பாச்சி, அம்மம்மா, பெரியப்பா, மாமாமார் எல்லாரும் அண்டைக்கே வாழ்த்திப்போட்டினம், இண்டைக்கு அவையை எழுப்பத் தேவையில்லை!"

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள். யாரும் கைதட்டவில்லை. மேடையில் யோகராணி பக்கத்தில் இருந்தவரிடம், "பேரைச் சொல்லிப்போட்டா. அந்தப் பத்துப் புள்ளியை வெட்டுங்கோ," என்றது தெளிவாகக் கேட்டது.

பேரின்பநாதன் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார், உள்ளே போனது வெளியே வந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பவர் போல.

"கேட்டதோ?" என்று புஷ்பவதி மேலே இருந்தபடியே கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை.

"பிள்ளை," என்று ஞானாம்பிகை எழுந்து வந்து கதிரைக்கு முன்னால் நின்றார். "என்ரை பேரையும் ஒருக்காச் சொல்லு. பிறந்தநாள் இண்டைக்கில்லை. ஆனா ஒருத்தரும் ஒருநாளும் வாசிச்சதில்லை."

புஷ்பவதி வாசித்தாள். ஞானாம்பிகைக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பொதுமக்கள் பட்டியலில் வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஒருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை கதவு வரை போனது. அன்று மாலை முழுவதும் ஏசிய சங்கக்கடை மனேச்சர், கிருதா ஒரு பக்கம் கழன்று தொங்க, தன்னுடைய பெயருக்காக அமைதியாக நின்றார். யாரும் யாரையும் தள்ளவில்லை.

தலைவர் மேடையின் பக்கப் படியால் இறங்கி, வரிசையின் முன்பக்கத்துக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, என்ரை பேரை ஏற்கெனவே வாசிச்சதுதான், ஆனா அது கௌரவப் பிறந்தநாள்..."

"பின்னாலை போய் நில்லுங்கோ, அண்ணை," என்றாள் புஷ்பவதி. "கியூவைக் குழப்பாதேங்கோ."

வாசித்து வாசித்து அவளுடைய தொண்டை கட்டிப்போனது. வித்தியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் ஒரு கதிரையில் ஏறி, தாய் சொல்லும் பெயர்களைத் தன்னுடைய பிரெஞ்சு வாடைத் தமிழில் இரண்டாம் தரம் சொன்னாள். வரிசை குறைந்தது. தலைவரின் பெயரும், பட்டங்கள் இல்லாமல், வாசித்து முடிந்தது. கடைசி ஆள் மட்டும் மிஞ்சினார். மேலங்கியைக் கையில் மடித்துப் பிடித்தபடி, உயரமாக.

"உங்களுக்குத்தான் வாசிச்சாச்சே," என்றாள் புஷ்பவதி. குரலே வரவில்லை.

"கியூவிலை நிண்டனான்," என்றார் பேரின்பநாதன். "நிண்டா தரத்தானே வேணும்?"

"வெளியிலையும் நிண்டனீங்கள்தானே. பாண் தந்தவையே?"

"அதாலைதான் கேக்கிறன். இதெண்டாலும் முடிஞ்சுபோகேல்லையே?"

அவள் கதிரையில் இருந்து இறங்கினாள். அவர் குனிந்து இடது காதை அவளுடைய வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.